டாக்டர் தம்பி, அந்த ‘ஒண்ணுமில்லை’ பற்றி

அன்புள்ள டாக்டர் தம்பிக்கு,

போன ஆடியில் தஞ்சாவூரில் உங்களிடம் வந்தவன் நான். மன்னார்குடிப் பக்கம் ரைஸ் மில்லில் 26 வருஷம் மிஷின் பார்த்தவன். வலது காதில் மட்டும் இரைச்சல் என்றேன். ஸ்கேனைப் பார்த்துவிட்டு, “ஒண்ணுமில்லை பெரியவரே, பழகிக்குங்க” என்றீர்கள். வெளியே 60 பேராவது காத்திருந்தார்கள், நானும் பார்த்தேன்.

ஒரு காதில் மட்டும் இரைந்தால் நரம்பில் கட்டி இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டுமாம். அது இல்லை என்பதில் உங்களுக்கு நிம்மதி. எனக்கோ, நான் பொய் சொல்கிறேன் என்று நீங்கள் சொன்னதுபோல் இருந்தது.

முதலில் சில்வண்டு என்றே நினைத்தேன். டார்ச்சை எடுத்துக்கொண்டு கொல்லையில் வைக்கோல்போரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். வண்டும் கூடவே வந்தது. கரண்ட் போனால்தான் கொடுமை. ஃபேன் நின்றதும் தலைக்குள் மில் ஓடும். அந்த நேரம் பக்கத்து வயலில் யாராவது டீசல் இன்ஜின் போட்டால் கும்பிடத் தோன்றும்.

நீங்கள் எழுதிய ஜிங்கோ என்கிற இலைச்சாற்று மாத்திரையை மூன்று மாதம் தின்றேன். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் 2014ஆம் வருஷத்து வழிகாட்டியே இதற்கு அது வேண்டாம் என்கிறதாம்; மகள் படித்துச் சொன்னாள். காசு போனது போகட்டும்.

பிறகு கும்பகோணத்தில் ஒரு ஆடியாலஜிஸ்ட், அதாவது காது கேட்கும் திறனைச் சோதிக்கிற பொண்ணு. தூக்கம் கெடுகிறதா, எரிச்சல் வருகிறதா என்று 25 கேள்வி கேட்டது. ஹெட்போனில் ஒவ்வொரு சத்தமாக விட்டு, “உங்க வண்டு இதுவாய்யா?” என்றது. அளந்து பார்த்தால், என் காதுக்குக் கேட்கத் தொடங்கும் அளவைவிடச் சில டெசிபல்தான் கூட! எனக்கே வெட்கமாகிவிட்டது.

“சத்தம் இத்தனூண்டுதான்யா. அதுக்கு ராத்திரி பூரா காவல் இருக்கீங்க பாருங்க, அதுலதான் தூக்கம் போகுது.”

4000 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது கீச்சுச் சத்தங்களில், என் காது கேட்பது குறைந்து டெஸ்ட் படத்தில் பள்ளம் விழுந்து கிடக்கிறது. மில் இரைச்சலில் உள்காதின் நுண்முடிகள் தேய்ந்துவிட, வராத சத்தத்துக்கு மூளை வால்யூமைக் கூட்டி வைக்கிறதாம். காதுமிஷின் போட்டேன். ராத்திரி ரேடியோ மெல்ல ஓடும். பதறும் மனசைப் பழக்க சிபிடி என்று ஒரு பேச்சு சிகிச்சை இருக்கிறது, அதற்கும் போகிறேன். வண்டு இன்னும் போகவில்லை. ஆனால் தூங்குகிறேன்.

நீங்கள் சொன்ன ‘பழகிக்குங்க’ இதுதானே தம்பி? எப்படி என்று மட்டும் சொல்லவில்லை.

வருகிற செவ்வாய் எங்கள் மில் பாய்லர்காரர் உங்களிடம் வருகிறார். இரண்டு காதிலும் இரைச்சல். காது டெஸ்ட் எழுதிக் கொடுங்கள். தூக்கம் எப்படி என்று கேளுங்கள். அவராகச் சொல்ல மாட்டார்.

இப்படிக்கு,
உங்கள் பெரியவர்