மெஷினைப் படம் எடுத்தார், கரண்ட் பில்லைக் கேட்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிறுதொழில் மானியத் திட்டங்களைப் பற்றி எப்போது செய்தி வந்தாலும் இத்தனை பயனாளிகள், இத்தனை கோடி என்றுதான் வருகிறது. அந்தப் பயனாளிகளில் நானும் ஒருத்தி என்பதால் இதை எழுதுகிறேன்.

சேலம் லைன்மேட்டில் எங்களுடையது சின்ன வெள்ளிக் கொலுசுப் பட்டறை. இதைப் போடும் வரை என் வீட்டுக்காரர் இன்னொருவர் பட்டறையில் கூலிக்கு இருந்தார். 2022இல் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் என் பெயரில் விண்ணப்பித்தோம். பட்டறை போட மொத்தச் செலவு 8 லட்சம். கையிலிருந்து போட வேண்டியது 5 சதவீதம், அதாவது 40 ஆயிரம். என் வளையலை அடகு வைத்துக் கட்டினோம். மாநகராட்சிக்குள் இருப்பதால் மானியம் 25 சதவீதம், 2 லட்சம். ஊராட்சிப் பகுதி என்றால் 35. அந்த 2 லட்சம் கைக்கு வராது. மூன்று வருடம் வங்கியிலேயே டெபாசிட்டாக இருக்கும், ஆய்வு முடிந்த பிறகுதான் கடனில் கழிப்பார்கள்.

2025இல் ஆய்வுக்கு ஒருவர் வந்தார். தன்மையான மனிதர்தான், அவர் மேல் குறை சொல்லவில்லை. அப்போது வெள்ளி கிலோ லட்சத்தைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்த நேரம். ஆர்டர் இல்லாமல் கம்பி இழுக்கிற மெஷின் மேல் சாக்கு போட்டு மூடி வைத்திருந்தோம். சாக்கை எடுக்கச் சொல்லி, பெயர்ப்பலகை தெரிகிற மாதிரி என்னை மெஷின் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தார். மெஷின் இருக்கிறதா, இருக்கிறது. எத்தனை பேருக்கு வேலை, இரண்டு பேருக்கு. கையெழுத்து. அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

அந்த இரண்டு பேர் கதையைச் சொல்கிறேன். எங்களுக்கு அப்புறம் பக்கத்துத் தெருக்களில் இன்னும் மூன்று பேர் இதே மாதிரி மானியத்தில் பட்டறை போட்டார்கள். எல்லாரும் வேலை எடுப்பது அதே நாலைந்து செவ்வாய்ப்பேட்டை வியாபாரிகளிடம். விளைவு, கிலோவுக்குக் கிடைத்த கூலி இறங்கிவிட்டது. கையால் கம்பி இழுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தாக்குப்பிடிக்க முடியாமல் பட்டறையை மூடினார். அவரிடம் இருந்த இரண்டு பேர்தான் இப்போது எங்களிடம் இருக்கிறார்கள். எங்கள் ஃபைலில் அது புதிய வேலைவாய்ப்பு. அவர் மூடியது எந்த ஃபைலிலும் இல்லை.

எதிர்வீட்டுத் தம்பியும் எங்களோடுதான் விண்ணப்பித்தார். வங்கியில் தள்ளிவிட்டார்கள். தண்டலுக்கு வாங்கிப் பழைய மெஷின் ஒன்றைப் போட்டார். அவர் பட்டறையும் ஓடுகிறது. சொல்லப்போனால் எங்களைவிட ஒரு படி மேல். அப்படியானால் மானியம் எனக்கு என்ன செய்தது என்று தெரிய, என்னை மட்டும் கேட்டால் போதுமா? அவரையும் அல்லவா கேட்க வேண்டும்? இன்றுவரை யாரும் அவர் கதவைத் தட்டவில்லை.

பொருளியல் படிக்கும் என் மகள் ஒரு விஷயம் சொன்னாள். சுனாமிக்கு அப்புறம் இலங்கையில் சிறுதொழில் செய்பவர்களில் சீட்டுக் குலுக்கிச் சிலருக்கு 10 ஆயிரம், சிலருக்கு 20 ஆயிரம் இலங்கை ரூபாய் கொடுத்தார்களாம். சிலருக்குப் பணமாக, சிலருக்குப் பொருளாக. சீட்டு விழாதவர்களிடமும் விடாமல் போய்க் கணக்குக் கேட்டார்கள். ஆண்கள் தொழிலில் போட்ட பணம் மாதம் 5 சதவீதத்துக்கு மேல் சம்பாதித்திருக்கிறது. பெண்கள் தொழிலில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. பெண்களுக்குத் திறமை போதாது என்று அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம். பின்னால் வேறு சிலர் அதே கணக்கை எடுத்துப் பார்த்தபோது, கணவரும் தொழில் செய்கிற வீட்டில் மனைவிக்கு வந்த பணம் கணவர் தொழிலுக்குள் போயிருக்கிறது என்று தெரிந்ததாம். இதைக் கேட்டதும் சிரிப்புதான் வந்தது. அரசுக் கணக்கில் நான் பெண் தொழில்முனைவோர். பட்டறையில் நெருப்பு முன்னால் உட்காருவது என் வீட்டுக்காரர். நான் கணக்கு எழுதுகிறேன், ராத்திரியில் சலங்கை கோக்கிறேன். கடன் மட்டும் முழுசாக என் பெயரில்.

மானியம் வீண் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் வெள்ளி விலை ஏறிய மாதங்களில் தவணை கட்டியே நொடித்திருப்போம். ஆனால் அதுகூட என் யூகம்தான். அந்த வருடம் மானியம் வாங்கியவர், வாங்காதவர் எல்லாருக்கும்தான் தொழில் படுத்தது. இரண்டு தரப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் யார் அடித்துச் சொல்ல முடியும்?

மாநில அரசில் மதிப்பீட்டுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. வங்கிகளிடம் தள்ளுபடியான விண்ணப்பங்களும் இருக்கும். ஒரு வார்டில் அப்படிப்பட்ட இருபது பேரைத் தேடிப் போகலாம். தெருவில் கூலி எவ்வளவு இறங்கியது, எந்தப் பட்டறை மூடியது என்றும் விசாரிக்கலாம். இதெல்லாம் பெரிய வேலை என்றால், குறைந்தபட்சம் படம் எடுக்கும்போது கரண்ட் பில்லையாவது கேட்கட்டும். மெஷின் ஓடியதா, சாக்குக்குள் தூங்கியதா என்று யூனிட் சொல்லிவிடும். ஆய்வுக்கு வந்த மாதத்து பில்லை நான் எடுத்து வைத்திருக்கிறேன். கேட்டால் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
கொலுசுப் பட்டறை நடத்தும் வாசகி,
லைன்மேடு, சேலம்.