இஸ்திரி வண்டி அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும்

சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோயில் பக்கத்துத் தோழர்களுக்கும் உறவுகளுக்கும் வணக்கம்.

தண்ணீர் வடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. நடந்ததைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. உங்கள் வீட்டிலும் அதே தண்ணீர்தான் நின்றது. அப்பாவின் சங்க நோட்டுகள் பிழைத்துவிட்டன. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கிளைச் செயலாளராக இருந்தவர் அப்பா. சந்தாக் கணக்கு எழுதிய நோட்டுகளின் பின்பக்கங்களில், பெரியவர்களிடம் கேட்டதையெல்லாம் எழுதி வைத்தார். 1943-ல் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் தஞ்சாவூர் ஜில்லா தென்பரையில் சங்கம் கட்டியது, மறு வருஷம் மன்னார்குடி ஒப்பந்தத்தில் பண்ணையாட்களுக்குத் தண்டனையாகக் கொடுத்த சவுக்கடியையும் சாணிப்பாலையும் (சாணியைக் கரைத்துக் குடிக்க வைப்பது) ஒழித்தது, 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் தஞ்சாவூர் ஜில்லாவுக்கு மட்டும்தான். ‘கொள்ளிடத்துக்கு அக்கரையில் சட்டம், இக்கரையில் பண்ணையார் சொன்னது சட்டம்’ என்று அதன் கீழே சிவப்பு மையில் எழுதியிருக்கிறார். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கதை கொஞ்சமாவது அச்சில் ஏறிவிட்டது. நம் கரையில் யார் யார் சந்தா கட்டினார்கள், எந்த அறுப்பில் வேலையை நிறுத்தி எத்தனை மரக்கால் கூட வாங்கினார்கள் என்பதெல்லாம் இந்த நோட்டுகளில்தான் இருக்கிறது. பீரோவும் கட்டிலும் போனதற்கு நான் அழவில்லை. இந்த நோட்டுகள் நனைந்து தாளோடு தாள் ஒட்டிக் கிடந்ததற்கு அழுதேன்.

வாசலில் உட்கார்ந்து அழுததைப் பார்த்துத்தான் தெருமுனை இஸ்திரி வண்டி அண்ணன் வந்தார். “இழுக்காதீங்கம்மா, கிழிஞ்சிடும். எங்கிட்ட குடுங்க” என்றார். அவர் வண்டியும் நனைந்துதான் கிடந்தது. காய்ந்த கரி அரை மூட்டைதான் மிச்சம். அதை எனக்காகவே செலவழித்தார். கரி நீறு பூக்கும் வரை பொறுத்து, பழைய வேட்டியைத் தாளுக்கு மேலேயும் கீழேயும் போட்டு, பெட்டியை அழுத்தாமல் ஓட்டினார். பேனா மையில் எழுதியது கொஞ்சம் கலங்கிவிட்டது, பால்பாயிண்ட்டில் எழுதியது அப்படியே நின்றது. அவருக்குப் படிக்க வராது. ஒவ்வொரு தாளையும் எடுத்து வைக்கும்போது “இதுல என்ன போட்டிருக்கு?” என்று கேட்பார், நான் படிப்பேன். மூன்று நாள் இப்படியே போனது.

மூன்றாம் நாள் சாயங்காலம் அந்தத் தாள் வந்தது. 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. அந்த ஊர் விவசாயக் கூலிகள் அரைப்படி நெல் கூலி கூடக் கேட்டார்கள், செங்கொடியை இறக்க மறுத்தார்கள். பண்ணையார்களும் அடியாட்களும் அவர்களை ஒரே குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். அப்பா வேறொன்றும் எழுதவில்லை. செத்தவர்களுக்கு ஆளுக்கொன்றாக 44 கோடு மட்டும் போட்டிருந்தார், சின்னப் பிள்ளைகளுக்குச் சின்னக் கோடு. படித்து முடித்தேன். அண்ணன் பெட்டியைத் தூக்கித் தள்ளி வைத்தார்.

“இந்தத் தாள நெருப்புல காட்ட வேணாம்மா.”

ஒரு அட்டையை எடுத்து விசிற ஆரம்பித்தார். இருட்டும் வரை விசிறினார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. அவர் சொன்னது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று அன்று ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். வருஷம் தவறாமல் வெண்மணிக்குப் போய் வருகிறவள் நான்.

இடுப்பளவு தண்ணீரில் டிரங்குப் பெட்டியைத் தலையில் சுமந்து வந்த நூறு நாள் வேலை அக்காமார்கள், கட்டுக்கட்டாக வெள்ளைத்தாள் கொடுத்த ஸ்டேஷனரி கடைத் தம்பி, காய்ந்த பக்கங்களைப் போனில் படம் எடுத்துக் கொடுத்த பல்கலைக்கழகப் பிள்ளைகள், மூன்று வேளையும் சோறு அனுப்பிய பக்கத்து வீட்டு அத்தை, எல்லோருக்கும் என் நன்றி.

நோட்டு முழுவதையும் என் கையால் பிரதி எடுத்து, கிளைக்கு ஒன்று கொடுக்கப் போகிறேன். உங்கள் தாத்தா, ஆயா பேர் அதில் இருக்கலாம், வந்து பாருங்கள்.

வெண்மணித் தாளின் ஒரு ஓரம் இன்னும் அடுத்த தாளோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. “அவசரப்படாதீங்க, வெயில் வரட்டும்” என்கிறார் அண்ணன். இன்றைக்கும் மூட்டமாகத்தான் இருக்கிறது.