சிமிர்னாவும் லவோதிக்கேயாவும்: மகனுக்கு ஒரு கடிதம்

கர்த்தருக்குள் பிரியமான மகனுக்கு, பாளையங்கோட்டையிலிருந்து அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் சுகம்.

நீ அனுப்பிய பிரசங்கத்தை முழுவதும் கேட்டேன். விசுவாசம் உள்ளவன் செழிப்பான் என்றும், ஒருவன் வறுமையில் கிடந்தால் அவன் விசுவாசத்தில் குறை இருக்கிறது என்றும் அந்த ஊழியர் அடித்துச் சொல்கிறார். உனக்கு அது சரியாகப் படுகிறதா என்று கேட்டிருந்தாய். எனக்குச் சரியாகப் படவில்லை என்பதோடு, அது ஏழைகளின்மேல் சுமத்தப்படும் அநியாயமான பழி என்றே நினைக்கிறேன்.

வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில், ஏழு பட்டணங்களின் சபைகளுக்கு ஆண்டவர் சொன்னவை உள்ள இரண்டாம், மூன்றாம் அதிகாரங்களை எடுத்து நிதானமாக வாசி. சிமிர்னா சபையிடம் ஆண்டவர் அவர்களுடைய உபத்திரவத்தையும் தரித்திரத்தையும் அறிந்திருப்பதாகச் சொல்லிவிட்டு, அந்த மூச்சிலேயே ஐசுவரியமுள்ளவனாயிருக்கிறாய் என்கிறார். ஏழு சபைகளில் கண்டனம் எதுவும் கேட்காத இரண்டில் ஒன்று அந்தத் தரித்திரச் சபை.

லவோதிக்கேயாவின் கதை வேறு. இன்றைய துருக்கி நாட்டில் இருந்த அந்தப் பட்டணம் பணப்புழக்கத்துக்கும் கருப்பு ஆட்டு ரோமத்துக்கும் பெயர்போனது. அருகிலேயே ஒரு மருத்துவப் பள்ளியும் இருந்தது. கி.பி. 60இல் பூகம்பம் வந்து இடிந்தபோது, ரோம அரசின் உதவி இல்லாமல் தன் சொந்தப் பணத்திலேயே மீண்டும் எழும்பிய ஊர் அது. அங்கிருந்த சபை, "எனக்கு ஒரு குறைவுமில்லை" என்று சொன்னதில் வியப்பில்லை. ஆண்டவரோ அவர்களைத் தரித்திரன், குருடன், நிர்வாணி என்று அழைத்து, புடமிட்ட பொன்னையும் வெண்வஸ்திரத்தையும் கண்ணுக்குக் கலிக்கம் என்ற மருந்தையும் தம்மிடம் வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். பொன், துணி, மருந்து என்று எவையெல்லாம் தங்களிடம் உண்டென்று இருந்தார்களோ, அவற்றையே அவர் எடுத்துப் பேசுகிறார். நம் வீடுகளில் சுவரில் மாட்டியிருக்கும் "இதோ, வாசற்படியிலே நின்று தட்டுகிறேன்" என்ற வசனமும் அவர்களுக்குச் சொன்னதுதான். குறைவே இல்லை என்ற சபைக்கு வெளியே ஆண்டவர் நின்றுகொண்டிருந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பயம் வருகிறது.

பணம் பாவம் என்று நான் சொல்லவில்லை. நீ உழைத்துச் சம்பாதிப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் பணம் கையில் தங்கத் தங்க, யாரிடமும், தேவனிடமும்கூட, கேட்க வேண்டியதில்லை என்ற எண்ணம் நமக்குத் தெரியாமலே உள்ளே வந்துவிடுகிறது. ஜெபம் குறைவது அதற்குப் பிறகுதான்.

நம் திருநெல்வேலிச் சபைகளையே பார். 1903இல், பின்னாளில் பிஷப்பான அசரியாவும் அவரோடிருந்தவர்களும் இதே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது, வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல் நம் மக்களின் காணிக்கையிலேயே தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஊழியரை அனுப்பினார்கள். உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு, அது சேர்ந்ததும் கோயிலுக்குக் கொண்டுபோகும் வழக்கம் உன் ஆச்சியிடம் கடைசிவரை இருந்தது. அரிசி குறைவாக இருந்த நாள்களிலும் அந்தப் பிடி முதலில் போய்விடும். மிச்சத்தில்தான் எங்களுக்குக் கஞ்சி. அவர்களிடம் விசுவாசம் இல்லை என்று அந்த ஊழியர் சொல்வாரானால், அதை நான் ஏற்கமாட்டேன்.

வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தை நீ தவறாமல் கொடுக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். ஆகவே அதைப் பற்றி எழுதவில்லை. நான் கேட்க விரும்புவது வேறு. துபாயில் உன் சபைக்கு லேபர் கேம்ப்பிலிருந்து வந்து பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்களே, அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேரை உனக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும்? சம்பளம் தாமதமாகும் மாதத்திலும் அவர்கள் எப்படி ஜெபிக்கிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாயா? அடுத்த முறை போனில் பேசும்போது இதற்குப் பதில் சொல்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அம்மா