ஜெயித்துவிட்டோம் என்று சொல்வதற்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோர்ட்டிலிருந்து வந்ததும் கவுனைக்கூடக் கழற்றாமல், கணவர் போன பிறகு குடும்ப ஓய்வூதியம் கேட்டு நம்மிடம் வந்த அந்த அம்மாவுக்குப் போன் போட்டாய். "ஜெயிச்சாச்சும்மா, எட்டு வாரம் டைம் குடுத்திருக்காங்க" என்றாய். அந்தப் பக்கம் அவர் அழுதது எனக்கே கேட்டது. நீ தனியாக நின்று வாங்கிய முதல் உத்தரவு அது. உன் முகத்தைப் பார்த்தபோது எதுவும் சொல்ல மனசு வரவில்லை. ஆனால் சொல்லாமல் விட்டால் தப்பு. ஓய்வூதிய வழக்கு, வேலை வழக்கு என்று இந்தப் பக்கம் வருகிற மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் எல்லோர் பார்வைக்கும் எழுதுகிறேன்.

அந்த உத்தரவை இன்னொரு தடவை நிதானமாகப் படி. மனுதாரரின் கோரிக்கையைச் சட்டப்படி பரிசீலித்து, 8 வாரத்துக்குள் தகுந்த உத்தரவு பிறப்பிக்க வேண்டும் என்று இருக்கிறது. குடும்ப ஓய்வூதியம் கொடு என்று எங்கே இருக்கிறது? அவருக்கு உரிமை உண்டு என்றாவது ஒரு வரி இருக்கிறதா? பரிசீலித்துவிட்டு "முடியாது" என்று எழுதினாலும் அந்த அலுவலகம் உத்தரவை நிறைவேற்றியதாகத்தான் ஆகும். அதனால்தான் அரசு வக்கீல் அன்றைக்கு ஒரு வார்த்தை எதிர்ப்புச் சொல்லவில்லை.

உச்ச நீதிமன்றமே 2008-ல் சி. ஜேக்கப் வழக்கில் இதை விரிவாகச் சொல்லியிருக்கிறது. நம் தமிழ்நாட்டு அரசுத் துறையில் வேலை பார்த்தவர். 1982-ல் வேலை போயிற்று. 2000-ல்தான் மனுக் கொடுத்தார். பரிசீலிக்கச் சொல்லி ஓர் உத்தரவு வந்தது, துறை நிராகரித்தது, அந்த நிராகரிப்பைப் பிடித்துக்கொண்டு வழக்கு மேலே போனது. கடைசியில் ஒன்றும் கிடைக்கவில்லை. பரிசீலிக்கச் சொல்வது செத்துப்போன கோரிக்கைக்கு உயிர் கொடுக்காது என்று சொல்லிவிட்டார்கள். அந்தத் தீர்ப்பை இந்த வாரம் முழுசாகப் படித்துவிடு.

இதை உனக்குச் சொல்ல எனக்கு ஒரு தகுதி இருக்கிறது. இதே தப்பை நானும் செய்திருக்கிறேன்.

2012-ல் ஒரு இரவுக் காவலர் என்னிடம் வந்தார். 1989-ல் தினக்கூலியாகச் சேர்ந்தவர். 2001 பிப்ரவரியில் நிரந்தரம் ஆனார். 2010 ஜூன் 30 அன்று ஓய்வு பெற்றார். நிரந்தரப் பணி 9 வருஷம், சில மாதம். ஓய்வூதியத்துக்கு 10 வருஷம் வேண்டும், ஆகவே கிடையாது என்று எழுதிக் கையில் கொடுத்துவிட்டார்கள். தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள், 1978-ல் 11-ஆவது விதியைப் பார். 2003 ஏப்ரல் 1-க்கு முன் நிரந்தரம் ஆனவர்களுக்கு, அதற்கு முன்னால் முழுநேரத் தினக்கூலியாகவோ தொகுப்பூதியத்திலோ பார்த்த வேலையில் பாதியைச் சேர்த்துக்கொள்ளலாம். அவருடைய தினக்கூலிக் காலத்தில் பாதி என்றால் ஐந்தே முக்கால் வருஷத்துக்கு மேல். மொத்தம் 15-ஐத் தாண்டிவிடும். கணக்கு அவ்வளவு சுலபம். அந்த அலுவலகத்துக்கு உத்தரவிடச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போட்டேன், பரிசீலனை உத்தரவு வாங்கினேன், உன்னை மாதிரியே போன் பண்ணி ஜெயித்துவிட்டோம் என்றேன். மறுநாள் அவர் அரைக் கிலோ அல்வாவோடு வந்தார்.

அஞ்சு மாசம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது. தினக்கூலியாக வேலை பார்த்ததற்கு ஆதாரம் இல்லையாம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. விதியை நான் கரைத்துக் குடித்திருந்தேன், காகிதத்தைத் தேடவே இல்லை. அப்புறம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, அந்த அலுவலகத்தின் பழைய சம்பளப் பட்டுவாடாப் பதிவேடுகளைப் பார்க்க அனுமதி வாங்கினோம். இரண்டு நாள் அவரும் நானும் ஒரு மர பெஞ்சில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினோம். ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் அவருடைய கைநாட்டு. சில மாசத்தில் மை பரவி வெறும் கறையாகத்தான் தெரிந்தது. ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு, "இது நான்தாம்மா, இது நான்தான்" என்றார். 1994-க்குப் பிறகு கையெழுத்து. அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் எழுதக் கற்றுக்கொண்டாராம். அந்தப் பக்கங்களின் நகல்தான் இரண்டாவது வழக்கை ஜெயித்தது, என் வாதம் இல்லை.

ஆனால் அது 2017. அதன் மேல் அரசு அப்பீல், அது தள்ளுபடியான பிறகும் உத்தரவை நிறைவேற்றவில்லை என்று நீதிமன்ற அவமதிப்பு மனு. பணம் வந்தது 2019-ல். அவர் 2018 தை மாசம் போய்விட்டார். வாரிசாக மனைவியைச் சேர்க்கிற மனுவில் இறப்புச் சான்றிதழை இணைத்தபோது என் கை ஓடவில்லை. முதல் மனுவிலேயே அந்தப் பதிவேட்டை வைத்து, பரிசீலனை வேண்டாம், இவருக்கு உரிமை உண்டா இல்லையா என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள் என்று நின்றிருந்தால் மூன்று வருஷமாவது மிச்சமாகியிருக்கும். அந்த மூன்று வருஷத்தில் அவர் உயிரோடு இருந்தார்.

பணிப்பதிவேட்டை முதலில் படி என்று நான் உன்னை நச்சரிப்பதன் காரணம் இதுதான். அட்டையிலிருந்து கடைசிப் பக்கம் வரை படி. எந்த வருஷம் சரிபார்ப்புக் கையெழுத்து விட்டுப்போயிருக்கிறது, எந்த விடுப்பு சம்பளமில்லா விடுப்பாக எழுதப்பட்டிருக்கிறது, எங்கே சிவப்பு மையில் அடித்துத் திருத்தியிருக்கிறார்கள், வாரிசு நியமனப் பக்கத்தில் யார் பெயர் என்று குறித்துக்கொள். உன் கட்சிக்காரரான அந்த அம்மாவின் பிரச்சினையே கணவரின் பதிவேட்டில் அவர் பெயர் ஒரு மாதிரியும், ஆதாரில் இன்னொரு மாதிரியும் இருப்பதுதானே?

பெயரில் ஓர் எழுத்து, பிறந்த தேதியில் ஓர் எண். இது என்ன செய்யும் என்று எனக்கு என் வீட்டிலேயே தெரியும். அப்பா ஒரு பஞ்சாலையில் இருந்தவர். 1998-ல் நான் வக்கீலாகப் பதிவு செய்த அடுத்த வருஷம் ஆலை மூடிற்று. தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் 1995 நவம்பர் 16-ல் வந்தது. 58 வயசில் ஓய்வூதியம். முதலாளி கட்டுகிற வைப்பு நிதியிலிருந்து, சம்பளத்தில் 8.33 சதவீதம் அதற்குப் போகும். அப்பாவின் பிறந்த வருஷத்தை ஆலையில் யாரோ மூன்று வருஷம் தள்ளி எழுதிவிட்டார்கள். 58 முடிந்து விண்ணப்பம் கொடுத்தால், உங்களுக்கு 55தான் ஆகிறது என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் வகுப்போடு நின்ற மனுஷன். அந்த ஆரம்பப் பள்ளிக்குப் போய்ச் சேர்க்கைப் பதிவேட்டின் நகல் வாங்கி நான் எழுதிய மனுதான் என் வாழ்க்கையின் முதல் ஓய்வூதிய மனு. பணம் ரொம்பச் சின்னது. மாசம் ஆயிரத்தைத் தொடாது. குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று ஆனதே 2014 செப்டம்பரில்தான். ஆனாலும் முதல் மாசப் பணத்தை எடுத்துவந்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு, "இது என் சம்பளம்" என்றார். நான் வேறு பக்கம் போகாமல் இதிலேயே நின்றதற்கு அந்த வார்த்தைதான் காரணம்.

அப்பா சொன்னதைத்தான் உச்ச நீதிமன்றமும் 1982 டிசம்பர் 17 அன்று சொன்னது. நகரா வழக்கு. 1979 மார்ச் 31-க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு கணக்கு, பின் ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு கணக்கு என்று அரசு கோடு போட்டிருந்தது. ஐந்து நீதிபதிகள் அந்தக் கோட்டை அழித்தார்கள். ஓய்வூதியம் அரசு போடும் பிச்சை இல்லை, அது உழைத்ததற்கான உரிமை என்று நீதிபதி டி. ஏ. தேசாய் எழுதினார். இன்றைக்கும் டிசம்பர் 17-ஐ ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். கூட்டத்துக்குக் கூப்பிட்டால் போ. முன்வரிசைப் பெரியவர்கள் எந்த அரசாணை எந்தத் தேதி என்று உனக்கும் எனக்கும் பாடம் எடுப்பார்கள்.

கோடுகளும் தேதிகளும்தான் நம் வேலை, தம்பி. ஜூன் 30-ல் ஓய்வு பெற்றவருக்கு ஜூலை 1-ல் வரவேண்டிய ஊதிய உயர்வு கிடையாது என்றார்கள். வருஷம் முழுக்க உழைத்த பலன் ஒரே ராத்திரியில் போயிற்று. நம் சென்னை உயர் நீதிமன்றம்தான் 2017-ல் அய்யம்பெருமாள் வழக்கில் அதைச் சரி செய்தது. 2023 ஏப்ரலில், கர்நாடக மின் ஊழியர் வழக்கில், உச்ச நீதிமன்றமும் அதே வழியில் போனது. எல்லாக் கோடும் அப்படி அழிவதில்லை. 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு நிரந்தரம் ஆனவர்களின் தினக்கூலிக் காலத்தைச் சேர்க்க முடியாது என்று 2019-ல் நம் உயர் நீதிமன்றத்தில் பல நீதிபதிகள் சேர்ந்து உட்கார்ந்த முழு அமர்வு சொல்லிவிட்டது. அப்படி வருகிறவர்களிடம் உண்மையை முதல் நாளே சொல்லிவிடு. ஃபீஸ் வாங்கிக்கொண்டு நம்பிக்கையை விற்காதே.

தொழிலாளர் நீதிமன்றப் பக்கம் இன்னும் சிரமம், ஏனென்றால் அங்கே பதிவேடே இருக்காது. ஜவுளிக் கடையில் 11 வருஷம் நின்ற பெண்ணை ஒரு நாள் வரவேண்டாம் என்பார்கள். வழக்குப் போட்டால், இவர் எங்கள் ஆளே இல்லை என்பார்கள். வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்ததை அவர்தான் நிரூபிக்க வேண்டும். அப்போது தீபாவளி போனஸ் கவர், இஎஸ்ஐ அட்டை, கடைச் சேலையில் எல்லோரும் நிற்கிற ஆயுத பூஜைப் போட்டோ, இவைதான் சாட்சி. வேலையை விட்டுப் போகும்போது வரவேண்டிய பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, அதன் கணக்கை மனசில் வைத்துக்கொள்: கடைசி மாசச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, அதை வருஷத்தால் பெருக்கு. 15,600 ரூபாய்ச் சம்பளத்தில் 20 வருஷம் பார்த்தவருக்கு 1,80,000. இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கையில் கொடு. தனக்கு வரவேண்டியது எவ்வளவு என்று முதன்முதலில் எண்ணாகப் பார்க்கிறவர்கள் அந்தச் சீட்டை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொள்வார்கள்.

தாமதத்தைப் பற்றி ஒன்று மட்டும். ஓய்வூதியம் மாசா மாசம் வரவேண்டியது என்பதால் தாமதமாக வந்தவரையும் நீதிமன்றம் பெரும்பாலும் துரத்துவதில்லை. ஆனால் நிலுவையை, வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய 3 வருஷத்துக்கு மட்டும் என்று சுருக்கிவிடும். 2008-ல் தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. ஆகவே நம் மேஜையில் ஒரு வழக்குக் கட்டு சும்மா கிடக்கிற ஒவ்வொரு மாசமும் அந்தக் குடும்பத்தின் ஒரு மாசப் பணம்.

2004-ல் மதுரைக் கிளை வருவதற்கு முன்னால் நாகர்கோவில்காரரும் ராமநாதபுரத்துக்காரரும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் சென்னைக்கு ராத்திரி ரயில் ஏறினார்கள். வழக்கு எடுக்கவில்லை என்று சொன்னால், சரிம்மா என்று சொல்லிவிட்டு அன்றைக்கே திரும்பிப் போவார்கள். அந்த "சரிம்மா" இன்னும் என் காதில் இருக்கிறது.

சரி, இனி செய்ய வேண்டியது. உத்தரவின் சான்றிட்ட நகலுக்கு நாளைக்கே மனுப் போடு. வந்ததும் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியை எடுத்து வை. கூடவே திருமணப் பதிவு, குடும்ப அட்டை, பழைய வாக்காளர் பட்டியல் பக்கம், இரண்டு பெயரும் ஒருவரே என்ற வட்டாட்சியர் சான்று எல்லாவற்றையும் வை. "ஆதாரம் இல்லை" என்று எழுத அவர்களுக்கு இடம் இருக்கக் கூடாது. 8 வாரம் முடிகிற தேதியை டைரியில் எழுது. அவமதிப்பு மனுவையும், நிராகரித்தால் போட வேண்டிய அடுத்த ரிட்டையும் இப்போதே வரைவு எழுதி வை.

அப்புறம் அந்த அம்மாவுக்கு நீயே போன் பண்ணு. வெள்ளிக்கிழமை சொன்னதைத் திருத்திச் சொல். பாதிதான் முடிந்திருக்கிறது, மீதியையும் நான்தான் பார்க்கப் போகிறேன் என்று சொல். கோபப்பட்டால் கேட்டுக்கொள். புதன்கிழமை காலை பத்து மணிக்கு பேங்க் பாஸ்புத்தகத்தோடும், வீட்டில் இருக்கிற அத்தனை பழைய காகிதத்தோடும் வரச் சொல். டிரங்குப் பெட்டியாக இருந்தாலும் அப்படியே தூக்கி வரட்டும். நானும் இருக்கிறேன், மூன்று பேரும் உட்கார்ந்து பிரிப்போம்.

அன்புடன்,
அக்கா