மொட்டைமாடியில் சோலார் பேனல்: பெற்றோருக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

அன்புடைய பெற்றோர்களுக்கு,

வணக்கம். நம் பள்ளியின் வடக்குக் கட்டட மொட்டைமாடியில் சோலார் பேனல்கள் பொருத்தும் பணியைக் காலாண்டு விடுமுறையில் தொடங்க நகராட்சி முடிவு செய்திருக்கிறது. சென்ற வாரம் நடந்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைப் பற்றித் தாங்கள் எழுப்பிய கேள்விகளுக்கு அங்கேயே முழுமையாகப் பதில் சொல்ல நேரம் போதவில்லை. கூட்டத்துக்கு வர இயலாத பெற்றோர்களும் அறிந்துகொள்ளும் பொருட்டு அந்தப் பதில்களை இக்கடிதத்தில் எழுதுகிறேன்.

அமைக்கப்படுவது 10 கிலோவாட் திறனுள்ள அமைப்பு. ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் நூறு சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். நம் பகுதி வெயிலில் ஒவ்வொரு கிலோவாட்டும் சராசரியாக நாளொன்றுக்கு நான்கு யூனிட் அளவுக்கு மின்சாரம் தரும். ஆக, முழு அமைப்பிலிருந்தும் நாளொன்றுக்குச் சராசரியாக நாற்பது யூனிட் எதிர்பார்க்கலாம். ஆனால் இந்த வேலைக்கு முன்பாக நகராட்சிப் பொறியாளர் எங்களிடம் கேட்டுக்கொண்டது வேறொன்று. வகுப்பறைகளில் உள்ள பழைய மின்விசிறிகளையும் டியூப்லைட்டுகளையும் முதலில் மாற்றிவிடுவோம், அதன் பிறகு எவ்வளவு மின்சாரம் தேவை என்று கணக்கிட்டுப் பேனல் வாங்குவோம் என்றார். இந்த வரிசைதான் சரி என்பது என் கருத்து. வீணாகும் மின்சாரத்தை அப்படியே விட்டுவிட்டு அதற்கும் சேர்த்துப் பேனல் வாங்குவது, நகராட்சியின் பணத்தை, அதாவது நாம் கட்டும் வரிப்பணத்தை, தேவையின்றி மாடியில் பரப்பி வைப்பதாகும்.

கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். பழைய சீலிங் ஃபேன் ஒன்று ஏறத்தாழ 75 வாட் எடுக்கிறது. இப்போது வரும் பி.எல்.டி.சி. வகை (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் கொண்ட) மின்விசிறி முழு வேகத்திலும் 30 வாட் அளவிலேயே ஓடுகிறது. நான்கு மின்விசிறிகள் உள்ள ஒரு வகுப்பறையில் நாளுக்கு ஆறு மணி நேரம் அவை ஓடினால், மிச்சமாவது ஒரு யூனிட்டுக்குச் சற்று அதிகம். பழைய இரும்புச் சோக்குடன் 50 வாட்டுக்கு மேல் எடுத்த டியூப்லைட்டின் இடத்தில் 20 வாட் எல்.இ.டி. பட்டை அதே வெளிச்சத்தைத் தருகிறது. நம் பள்ளியில் உள்ள வகுப்பறைகளின் எண்ணிக்கையால் இவற்றைப் பெருக்கிப் பார்க்கும் வேலையை ஏழாம் வகுப்புக் கணித ஆசிரியை மாணவர்களிடமே விட்டுவிட்டார். விடை தெரிந்த பிறகு, இடைவேளையில் வகுப்பைவிட்டு வெளியேறும்போது ஸ்விட்சை அணைக்கச் சொல்லி நாங்கள் நினைவூட்ட வேண்டிய அவசியம் வெகுவாகக் குறைந்துவிட்டது.

அடுத்து, கூட்டத்தில் பலரும் கேட்ட கேள்வி: ஊரெல்லாம் மின்தடை வந்தாலும் பள்ளியில் மட்டும் விளக்கு எரியுமா? எரியாது. இதைக் கேட்டுச் சிலருக்கு ஏமாற்றமாக இருந்ததை நான் கவனித்தேன். இங்கே அமைவது மின்வாரியக் கம்பியோடு இணைந்து இயங்கும் அமைப்பு. கம்பியில் மின்சாரம் நின்றவுடன், பேனலின் மின்சாரத்தை நாம் பயன்படுத்தும் வகைக்கு மாற்றித் தரும் சோலார் இன்வெர்ட்டரும் தானாகவே நின்றுவிடும்படி அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. மின்தடையின்போது கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் லைன்மேன், கம்பியில் மின்சாரம் இல்லை என்று நம்பித்தான் கை வைக்கிறார். அந்த நேரத்தில் நம் மாடியிலிருந்து மின்சாரம் அதே கம்பிக்குள் பாய்ந்தால் அவர் உயிருக்கே ஆபத்து. பேட்டரி வைத்தால் மின்தடையிலும் வகுப்பு நடத்தலாம் என்பது உண்மைதான். ஆனால் பேட்டரியின் விலையும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றும் செலவும், பகலில் மட்டும் இயங்கும் ஒரு பள்ளிக்குத் தகுந்தவை அல்ல. கணினி அறைக்கு ஏற்கெனவே உள்ள யு.பி.எஸ். போதும்.

பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றியும் கேட்டீர்கள். தொடராக இணைக்கப்பட்ட பேனல்களிலிருந்து இறங்கும் கம்பியில் பல நூறு வோல்ட் நேர்மின்னோட்டம் இருக்கும். வெயில் இருக்கும்வரை பேனலை அணைக்க வழியில்லை. ஆகவே மாடிப்படிக்கு இரும்புக் கதவும் பூட்டும் போடச் சொல்லியிருக்கிறோம். சாவி ஒன்று அலுவலகத்திலும் மற்றொன்று நகராட்சி மின்பணியாளரிடமும் இருக்கும்.

மரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முதலில் வரைந்த திட்டத்தில் பேனல்கள் தெற்குக் கட்டடத்தின் மீதுதான் இருந்தன. அங்கே முற்பகல் முழுவதும் வேப்பமரத்தின் நிழல் விழுகிறது. ஒரு பேனலின் மீது நிழல் படிந்தாலும் அதனோடு தொடராக இணைந்த மற்றவற்றின் உற்பத்தியும் குறையக்கூடும் என்பதால், மரத்தை வெட்டிவிடலாம் என்ற யோசனை வந்தது. சத்துணவு நேரத்தில் பாதிப் பிள்ளைகள் உட்காருவது அந்த மரத்தடியில்தான். அதன் நிழலால் தெற்குப் பக்க வகுப்பறைகள் குளிர்ச்சியாக இருப்பதும் ஒருவகை மின்சேமிப்பே. வடக்குக் கட்டடத்துக்கு மாற்றியதால் இரண்டு கிலோவாட்டுக்கான இடம் குறைந்துபோயிற்று. அதை நான் இழப்பாகக் கருதவில்லை.

எட்டாம் வகுப்பு மாணவர்கள் பள்ளிக்கு வரும் வழியில் கம்பங்களின் எண்களைக் குறிப்பேட்டில் எழுதுவது ஏன் என்று இரண்டு பெற்றோர் வினவினர். பகலிலும் அணையாமல் எரியும் தெருவிளக்குகளின் பட்டியல் அது. எந்த நகராட்சியின் மின்கட்டணத்தை எடுத்துக்கொண்டாலும் அதில் பெரும்பங்கு குடிநீரேற்றத்துக்கும் தெருவிளக்குக்கும் போகிறது. பள்ளிகளும் அலுவலகங்களும் எடுப்பது அவற்றோடு ஒப்பிட்டால் சிறிது. 250 வாட் சோடியம் விளக்கு ஓர் இரவில் மூன்று யூனிட்டுக்கு மேல் எடுக்கும். அதற்கு மாற்றாக வந்துள்ள எல்.இ.டி. விளக்கு இதில் பாதியைக்கூட எடுப்பதில்லை. ஆனால் எந்த விளக்காக இருந்தாலும் காலையில் அணைக்கப்படாவிட்டால் பகலில் இன்னொரு இரவுக்கான மின்சாரம் செலவாகிவிடும். ஒரு தெரு முழுவதற்கும் ஒரே ஸ்விட்ச் பெட்டி இருப்பதால், நேரக்கருவி பழுதானால் ஒரு விளக்கல்ல, வரிசையாக அத்தனையும் எரிகின்றன. கம்ப எண்ணுடன் தகவல் கொடுத்தால்தான் எந்தப் பெட்டியில் பழுது என்று பணியாளர் கண்டுபிடிக்க முடியும். குறிப்பேட்டை வாரம் ஒருமுறை நகராட்சிக்கு அனுப்புகிறோம். பிள்ளைகள் சாலையோரத்தில் நின்று எழுதாமல் நடைபாதையில் ஒதுங்கி நின்று எழுத வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். வீட்டிலும் தாங்கள் வலியுறுத்துங்கள்.

தண்ணீரின் கணக்கு இதைவிட முக்கியமானது, ஆனால் கண்ணுக்குத் தெரியாதது. ஆயிரம் லிட்டர் தண்ணீரை முப்பது மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, மோட்டாரின் இழப்புகளையும் சேர்த்தால், ஏறத்தாழ யூனிட்டில் ஆறில் ஒரு பங்கு செலவாகிறது. தொலைவிலிருந்து குழாயில் வரும் நீருக்கு இன்னும் கூடும். ஆகவே தெருமுனையில் குழாய் ஒழுகினால் ஒழுகுவது தண்ணீர் மட்டுமல்ல. நம் பள்ளிக் கழிப்பறையில் இரண்டு குழாய்களுக்கு வாஷர் மாற்றியிருக்கிறோம். மேல்நிலைத் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் மிதவை ஸ்விட்சும் பொருத்தியாயிற்று.

சிறிய உள்ளாட்சி அமைப்பால் இதிலெல்லாம் என்ன பெரிதாகச் செய்துவிட முடியும் என்று ஒரு தந்தை கேட்டார். கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சியைத்தான் நான் பதிலாகச் சொல்வேன். குடிநீர்த் திட்டமும் தெருவிளக்கும் ஊராட்சியின் வருவாயை விழுங்கிக்கொண்டிருந்த நிலையில், அங்கே முதலில் சோலார் தெருவிளக்குகளும், விறகை வாயுவாக்கி மின்சாரம் எடுக்கும் கருவியும் முயன்று பார்க்கப்பட்டன. பிறகு 2006-இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சியே சொந்தமாக நிறுவியது. அதற்கான 1.55 கோடி ரூபாயில் 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு. மீதி வங்கிக் கடன். காற்றாலை நிற்பது ஓடந்துறையில் அல்ல, காற்று நன்கு வீசும் உடுமலைப்பேட்டைப் பக்கத்தில். அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் மின்வாரியத்தின் கம்பியில் சேர்கிறது. ஊராட்சியின் தேவைக்குப் போக மிஞ்சியதை மின்வாரியம் விலைக்கு எடுத்துக்கொண்டது. கடன் அந்த வருவாயிலேயே அடைபட்டது. காற்றாலையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கோ, அதற்கு முன்பே 40 லட்சத்தைச் சேர்த்து வைத்திருந்த அந்த நிர்வாகம்தான் வியப்பளிக்கிறது.

வீட்டு மாடியில் சோலார் போடலாமா என்று தனியாக என்னைக் கேட்டவர்களும் உண்டு. பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. வீட்டு இணைப்புகளுக்கு ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டு கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் என்று ஒன்றிய அரசின் மானியம் கிடைக்கிறது. விண்ணப்பத்தை அரசின் இணையதளத்தில் நேரடியாகப் பதிவு செய்ய வேண்டும். பதிவு பெற்ற நிறுவனங்கள்தாம் பொருத்த முடியும். மானியம் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்டு வீட்டுக்கு வருபவர்களை நம்ப வேண்டாம். என் சொந்த அபிப்பிராயம் ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமில்லை. இருநூறு யூனிட்டைக்கூடத் தொடாத வீட்டுக்கு, கடன் வாங்கிச் சோலார் போட அவசரம் ஏதுமில்லை; மின்விசிறியை மாற்றுவதே போதும். 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேன்களுக்கும் நட்சத்திர முத்திரை கட்டாயமாகியிருப்பதால் கடையில் அதைப் பார்த்தே வாங்கலாம். ஏ.சி. ஓடி 500 யூனிட்டைத் தாண்டும் வீடுகளின் கதை வேறு. அந்த எல்லையைக் கடந்தவுடன் அதற்குக் கீழே செலவான யூனிட்டுகள் சிலவற்றின் விலையும் சேர்ந்து கூடிவிடுவதால், அவர்களுக்குச் சோலார் விரைவில் பயன் தரும்.

இனி, தங்களிடம் நான் வேண்டுவன. எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் தத்தம் வீட்டின் கடந்த ஓராண்டு மின்நுகர்வை வரைபடமாக வரைய இருக்கிறார்கள். வீட்டிலுள்ள மின் கணக்கீட்டு அட்டையிலிருந்து யூனிட்டுகளை மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும். இணைப்பு எண்ணும், கட்டிய தொகையும் தேவையில்லை. வாடகை வீட்டில் வசிப்பவர்களும், அட்டை கைவசம் இல்லாதவர்களும் இதற்காகச் சிரமப்பட வேண்டாம். அவர்களின் பிள்ளைகள் பள்ளியின் கணக்கையே வரைவார்கள். யார் வீட்டில் எவ்வளவு என்று வகுப்பில் ஒப்பிட்டுப் பேசுவதை ஆசிரியர்கள் அனுமதிக்க மாட்டார்கள்.

பேனல்களைக் கழுவும் பொறுப்பைப் பெற்றோர் குழு ஏற்பதாகச் சிலர் முன்வந்தீர்கள், நன்றி. அதை அதிகாலையில்தான் செய்ய வேண்டும். உச்சிவெயிலில் கொதிக்கும் கண்ணாடியின் மீது குளிர்ந்த நீரை ஊற்றினால் விரிசல் விடக்கூடும். நம் ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு காய்ந்து வெள்ளைப் படலமாகப் படியும் என்பதால் நகராட்சிக் குடிநீரையே சிறிதளவு பயன்படுத்துவோம். முதல் முறை நகராட்சி மின்பணியாளர் உடனிருந்து செய்து காட்டுவார்; அவர் இல்லாமல் யாரும் மாடிக்குச் செல்ல வேண்டாம்.

பணி நடக்கும் நாட்களில் வடக்கு வாசல் மூடியிருக்கும். விடுமுறைச் சிறப்பு வகுப்புக்கு வரும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கிழக்கு வாசல் வழியாக வரட்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

பி.கு.: மாடியில் விழும் கிரிக்கெட் பந்துகளை இனி யாரும் ஏறி எடுக்கக் கூடாது. உடற்கல்வி ஆசிரியரிடம் சொன்னால், வெள்ளிக்கிழமை மாலை மின்பணியாளர் வரும்போது எடுத்துத் தரப்படும்.