துருக்கியப் படிவத்துக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

கைக்குழந்தை வைத்திருக்கும் அம்மா அப்பாக்கள் தங்கள் குழந்தையை எப்படிப் பார்க்கிறார்கள் என்று கேட்டறியும் ஒரு வினாப்படிவத்தைத் துருக்கிய மொழிக்குக் கொண்டுவரும் வேலை முடிந்துவிட்டது. என் ஆய்வேடும் ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது. துருக்கியின் இஸ்மிர் நகரில் இருப்பவர்களுக்கு அவர்கள் மொழியிலேயே தனியாக நன்றி எழுதிவிட்டேன். இருந்தாலும் தமிழில் ஒருமுறை மனசாரச் சொன்னால்தான் எனக்கு நிறைவு. ஊரிலிருந்து உதவியவர்களும் இதில் இருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பெண்ணை நம்பி மனதைத் திறந்த அந்த ஊர் அம்மாக்களைப் பற்றி நம் மக்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

குழந்தை எத்தனை மணி நேரம் தூங்குகிறது, எத்தனை தடவை பால் குடிக்கிறது என்று கேட்கும் படிவங்கள் நிறைய உண்டு. இது அந்த வகை இல்லை. ‘என்னோடு இருப்பது என் குழந்தைக்குப் பிடிக்கிறது’, ‘என் குழந்தை வேண்டுமென்றே என்னைப் படுத்துகிறது’ என்பது போன்ற வாக்கியங்களைக் கொடுத்து, எவ்வளவு அடிக்கடி அப்படித் தோன்றுகிறது என்று கேட்பது. இப்படிக் கேட்கும் வழக்கத்துக்கு அறுபது ஆண்டு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் எல்சி புரூசார்ட் என்ற மருத்துவர், 1963ல் முதல் பிள்ளை பெற்ற 318 தாய்மார்களிடம் இரண்டு விதமாகக் கேட்டார். சராசரிக் குழந்தை எவ்வளவு அழும்? உங்கள் குழந்தை எவ்வளவு அழுகிறது? அழுகை, பால் கக்குவது, பால் குடிப்பது, மலம் கழிப்பது, தூக்கம், ஒரு ஒழுங்குக்கு வருவது என்று ஆறே விஷயங்கள். குழந்தைகள் எல்லோரும் ஆரோக்கியமாகப் பிறந்தவர்கள்தான். ஆனால் ஒரு மாதத்தில் ‘என் குழந்தை மற்ற குழந்தைகளைவிடத் தேவலை’ என்று பார்க்காத அம்மாக்களின் பிள்ளைகளில், நாலரை வயதில் மனநல உதவி தேவைப்பட்டவர்கள் அதிகமாக இருந்தார்கள். நர்ஸாக இருந்தபோது இதைப் படித்தேன். குழந்தையின் எடையைப் பார்க்கிறோம், தடுப்பூசி போடுகிறோம். அம்மா கண்ணுக்கு அந்தக் குழந்தை எப்படித் தெரிகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான் இந்த வேலைக்கே வந்தேன்.

யார் பெயரையும் இங்கே எழுதவில்லை. படிவத்தை நிரப்பியவர்களின் பெயர் வெளியே வராது என்று வாக்குக் கொடுத்திருக்கிறோம். அவர்களை விட்டுவிட்டு மற்றவர்கள் பெயரை மட்டும் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவரவர் செய்த உதவியை எழுதுகிறேன், படித்தால் அவர்களுக்குத் தெரியும்.

மூலப்படிவத்தை உருவாக்கியவர்கள், நாங்கள் கேட்டதும் தயங்காமல் அனுமதி தந்தார்கள். இரண்டு பேர் தனித்தனியாகத் துருக்கியத்தில் எழுதினார்கள். மூலத்தைப் பார்க்காத வேறு இருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றித் தந்தார்கள். குழந்தை மருத்துவம், நர்சிங், உளவியல், துருக்கிய மொழி என்று பல துறை ஆசிரியர்கள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒன்றிலிருந்து நான்குவரை மதிப்பெண் போட்டுத் தந்தார்கள். இதில் எவருக்கும் ஒரு லிரா கூடக் கொடுக்க எங்களிடம் வழியில்லை. எல்லோருக்கும் என் நன்றி.

அடுத்து எபேக்கள். துருக்கியில் ‘எபே’ என்றால் மகப்பேறு பார்க்கும் செவிலி. ஒவ்வொரு பகுதியிலும் இருக்கும் குடும்ப நல மையத்தில், குடும்ப டாக்டரோடு ஒரு எபேயோ நர்ஸோ இருப்பார். நம்மூர் விஎச்என் (கிராம சுகாதார நர்ஸ்) அம்மாவைப் போல, எந்தத் தெருவில் யாருக்கு எப்போது குழந்தை பிறந்தது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. 2005ல் டுஸ்ஜே என்ற மாகாணத்தில் தொடங்கிய இந்த ஏற்பாடு 2010 முடிவதற்குள் நாடு முழுக்க வந்துவிட்டது. இரண்டாம், நான்காம், ஆறாம் மாதத் தடுப்பூசிக்கு அம்மாக்கள் அங்கேதான் வருவார்கள். அதனால் நாங்களும் அங்கேதான் போய் உட்கார்ந்தோம்.

தடுப்பூசி நாளில் அந்த அறை எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஊசி போட்ட குழந்தை அழ, அதைக் கேட்டு ஊசி போடாததும் அழும். அம்மா தனியாக வருவது அபூர்வம். பெரும்பாலும் மாமியார் கூட வருவார். ஒருநாள் ஒரு இளம் அம்மா படிவத்தை மடியில் வைத்து நிரப்பிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியையும் கூடவே படித்தார். ‘குழந்தை எனக்கு அலுப்பைத் தருகிறது’ என்கிற மாதிரிக் கேள்வி எல்லாவற்றுக்கும் அந்தப் பெண் ‘ஒருபோதும் இல்லை’ என்றே போட்டுக்கொண்டு வந்தார். அறை வாசலில் நின்ற எபே இதைக் கவனித்துவிட்டார். “பாபான்னே, உங்கள் கைப்பழக்கம் எனக்கு வராது, நீங்களே பேரனை எடைமேடையில் போடுங்கள், வாங்க” என்று மாமியாரை உள்ளே அழைத்துக்கொண்டு போனார். பாபான்னே என்றால் அப்பாவைப் பெற்ற பாட்டி. எடை பார்த்தார், நீளம் பார்த்தார், தலைச் சுற்றளவு பார்த்தார். வைட்டமின் டி தினம் 3 சொட்டு எப்படிக் கொடுப்பது என்று, அந்தப் பாட்டிக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்ததையே பொறுமையாக இன்னொரு தடவை சொன்னார். வெளியே அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்து, வேறு ஒரு தாள் கிடைக்குமா என்று கேட்டார்.

எபே ஹனிம் (எபே அம்மா என்று மரியாதையாக அழைப்பது), அன்றைக்கு நீங்கள் செய்தது எந்த ஆய்வுமுறைப் புத்தகத்திலும் இல்லை. அதற்கு அடுத்த வாரமே படிவத்தைத் தனி அறையில்தான் தர வேண்டும் என்று விதியை மாற்றினோம். மையத்தில் உள்ளவர்கள் தாய்ப்பால் கொடுக்கும் அறையை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். ஒரு நாற்காலியும் கதவும் கிடைத்த பிறகுதான் எங்களுக்கு நம்பும்படியான பதில்கள் வரத் தொடங்கின.

கண் திருஷ்டி பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் வீட்டில் குழந்தைக்கு கன்னத்தில் மை வைப்பது போல, அங்கே தோள்பக்கம் நீலமணி கோத்த ஒரு ஊசியைக் குத்திவிடுவார்கள். குழந்தையைப் பார்த்தால் முதலில் ‘மாஷல்லா’, அதாவது கடவுள் நாடியது, என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் அழகாக இருக்கிறது என்று சொன்னால் பாட்டிகளின் முகம் மாறிவிடும். பெற்றவளே தன் பிள்ளையைப் புகழ்ந்தால் கண்பட்டுவிடும் என்ற பயமும் உண்டு. படிவத்தை முதலில் சிலரிடம் கொடுத்துப் பார்த்த முன்னோட்டத்தில் ஒரு அம்மாவின் மடியில் குழந்தை அவர் முகத்தையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறது. அவரோ ‘என்னைப் பார்த்துச் சிரிக்கும்’ என்பதற்கு ‘சில சமயம்’ என்று போடுகிறார். ஏன் என்று கேட்டபோது, தாளில் எழுதிவைக்க மனசு வரவில்லை என்றார். இதைத் தீர்த்துவைத்தது வரிசையில் உட்கார்ந்திருந்த வேறொரு பாட்டிதான். தாளைக் கொடுக்கும்போதே மாஷல்லா சொல்லிக் கொடுங்கள், அப்புறம் அவள் எழுதுவாள் என்றார். அதைக் குழுவில் வைத்துப் பேசினோம். ஒருவருக்குச் சொல்லி இன்னொருவருக்குச் சொல்லாமல் விட்டால் ஆய்வு கெட்டுவிடும். அதனால் படிவம் கொடுக்கிற எல்லோரும், வாங்குகிற எல்லோரிடமும், குழந்தையைப் பார்த்து மாஷல்லா சொல்லிவிட்டுத்தான் தாளை நீட்ட வேண்டும் என்று எங்கள் வழிகாட்டிக் குறிப்பிலேயே எழுதிவைத்தோம். அந்தப் பாட்டியை மறுபடி பார்க்க வாய்க்கவில்லை. அவருக்கும் இந்த மடல்.

நான் அதிகம் கடன்பட்டிருப்பது அம்மாக்களுக்குத்தான். பிள்ளை பெற்று நாற்பது நாள் கழியும்வரை அங்கே தாயைத் தனியாக விடமாட்டார்கள். பட்டையும் கிராம்பும் போட்ட சிவப்புச் சர்பத் கொடுப்பார்கள், வீடு நிறைய விருந்தாளி இருப்பார்கள். வருகிறவர்கள் எல்லோரும் அம்மாவும் அப்பாவும் கூட இருந்து வளர்க்கக் கடவுள் அருளட்டும் என்று வாழ்த்துவார்கள். அவ்வளவு கொண்டாட்டத்துக்கு நடுவே, சில ராத்திரிகளில் இந்தக் குழந்தை என்னை வெறுக்கிறது என்று தோன்றுகிறது என ஒரு பெண் எழுதுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! எழுதினார்கள். ஓரத்தில் கோடு போட்டு, இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி என்று எழுதியவர்களும் உண்டு. பச்சைப்பிள்ளைக்கு என்ன தெரியும், அது மேல் கோபப்படலாமா என்று என்னோடு வாதாடியவர்களும் உண்டு. அவர்கள் வாதாடியதால்தான் படிவத்தின் முகப்பில் உள்ள விளக்கத்தைத் திருத்தி எழுத முடிந்தது. 2023 பிப்ரவரி நிலநடுக்கத்துக்குப் பிறகு ஹதாய் மாகாணத்திலிருந்து வந்து உறவினர் வீட்டில் தங்கியிருந்த ஒரு அம்மா, எல்லாக் கேள்விக்கும் நிதானமாகப் பதில் எழுதிக் கொடுத்துவிட்டு, வேறு யாருக்காவது இது உதவுமா என்று மட்டும் கேட்டார். உதவும் அம்மா. உதவிக்கொண்டிருக்கிறது.

அப்பாக்களைப் பிடிப்பது பெரும்பாடாக இருந்தது. நாங்கள் படிவம் கொடுத்த காலத்தில் அங்கே அரசு ஊழியருக்கு மனைவியின் பிரசவத்துக்கு 10 நாள் விடுப்பு, தொழிலாளிக்கு 5 நாள். தடுப்பூசிக்கு அவர்கள் வரவே முடியாது. புஜா பகுதியில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் ஒருவர், எங்கள் குழுவில் இருந்த நர்சிங் மாணவர் சொன்னதைக் கேட்டு, தாமாகவே முன்வந்தார். குழந்தை பிறந்த வீடு எது என்று அவருக்குத் தெரியும். கடையில் காத்திருக்கும் அப்பாக்களிடம் நம் மாணவர் படிவத்தைக் கொடுப்பார். அவர்கள் நிரப்பி, உறையில் போட்டு ஒட்டி, கண்ணாடிக்குக் கீழே இருக்கும் இழுப்பறையில் தாங்களே போட வேண்டும். அந்த இழுப்பறையிலிருந்த சீப்பு கத்தரியையெல்லாம் எடுத்து வேறு இடத்தில் வைத்துவிட்டார் அவர். அப்பாக்கள் நிரப்பும்போது வேறு யாரும் எட்டிப்பார்க்காதபடி வானொலியைச் சத்தமாக வைத்து, மற்றவர்களைப் பேச்சில் இழுத்துக்கொண்டார். தேநீர்க் காசும் அவருடையதே. வேலைக்குப் போகும்போதும் குழந்தை தூங்குகிறது, திரும்பும்போதும் தூங்குகிறது, இதற்கு நான் என்ன எழுத என்று ஒரு அப்பா தாளின் பின்பக்கத்தில் கேட்டிருந்தார். குழந்தை விழித்திருக்கும்போது கூட இருப்பது எவ்வளவு நேரம் என்று தகவல் பகுதியில் ஒரு கேள்வியைச் சேர்த்தது அவரால்தான்.

ஒரு படிவம் நம்பகமானதா என்று பார்க்க, அதே ஆளிடம் சில வாரம் கழித்து மறுபடி கேட்பது வழக்கம். கைக்குழந்தை விஷயத்தில் இதில் ஒரு சிக்கல். குழந்தையின் அழுகை ஆறாவது வாரம் வரை ஏறிக்கொண்டே போய், பிறகு குறையும். இடையில் பதில் மாறினால் அது படிவத்தின் கோளாறா, குழந்தையே மாறிவிட்டதா? மூன்று மாதம் தாண்டிய குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், இடைவெளியும் இரண்டு வாரத்தோடு நிற்கட்டும் என்று குழந்தை நலப் பேராசிரியை ஒருவர் சொன்னார். அப்படிச் செய்தால் அம்மாக்கள் தடுப்பூசி இல்லாத நாளில் எங்களுக்காகவே வர வேண்டும். வந்தார்கள், மழையில் தள்ளுவண்டியின் மேல் பிளாஸ்டிக் உறையை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார்கள்.

கணக்குக்கு என் திருச்சித் தோழி. துருக்கி நேரத்துக்கு நம் நேரம் இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. நான் சாப்பிட்டு முடித்துக் கோப்பை அனுப்பும்போது அவளுக்கு நள்ளிரவு நெருங்கியிருக்கும். எந்தெந்த வாக்கியங்கள் ஒன்றாகச் சேர்கின்றன என்று பார்க்கும் காரணிப் பகுப்பாய்வில் ஒரு வாக்கியம் எந்தப் பக்கமும் ஒட்டாமல் நின்றது. தூக்கிவிட்டால் எண்கள் அழகாகிவிடும். அதைத் தூக்குவதற்கு முன்னால் போய் அம்மாக்களிடம் கேள் என்றாள். கேட்டோம். இரண்டு விதமாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். வாக்கியத்தைத் திருத்தினோம், அது இன்று படிவத்தில் இருக்கிறது. அன்புத் தோழி, உன் தூக்கத்துக்கு நான் பொறுப்பு.

மறக்கவே கூடாத இன்னொருவர், எங்கள் உளவியலாளர். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அம்மாக்களுக்கு எடின்பரோ மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வு அளவுகோலையும் சேர்த்துக் கொடுத்தோம். 1987ல் வந்த அந்த அளவுகோலில் பத்துக் கேள்விகள். கடைசிக் கேள்வி தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு ஆம் என்று எழுதிய தாள் ஒன்று மாலைவரை உறைக்குள் கிடக்கக் கூடாது என்று அவர் முதல் நாளே சொல்லிவிட்டார். ஒவ்வொரு தாளையும் அந்த இடத்திலேயே பார்த்தோம். அவர் தொலைபேசி எப்போதும் விழித்திருந்தது. அழைத்தபோதெல்லாம் எடுத்தார், வரச்சொன்னபோது வந்தார். இதற்கு மேல் எழுத எனக்கு உரிமை இல்லை.

குர்திஷும் அரபும் மட்டுமே தெரிந்த அம்மாக்கள் சிலர் தங்களுக்கும் தாள் வேண்டும் என்று கேட்டார்கள். துருக்கியப் படிவத்தைச் சோதிக்கும் ஆய்வில் அவர்களைச் சேர்க்க வழியில்லை. உட்கார்ந்து பேச மட்டும் முடிந்தது. அந்த மொழிகளிலும் இது வர வேண்டும். யாராவது எடுத்துச் செய்தால் எங்களிடம் இருப்பது அனைத்தையும் தருகிறோம்.

நெறிமுறைக் குழு, மாகாணச் சுகாதார இயக்ககம், பல்கலைக்கழக அலுவலகம் என எல்லா இடத்திலும் கோப்பை நகர்த்தியவர்களுக்கு நன்றி. ‘கோலாய் கெல்சின்’, வேலை சுலபமாகட்டும் என்று வாழ்த்தித்தான் ஒவ்வொருவரும் அனுப்பினார்கள். என் நெறியாளருக்கு, நேரில் சொன்னது போக, இன்னொரு முறை. என் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்து சோறு போட்டுப் பார்த்துக்கொண்ட எதிர்வீட்டு அக்காவுக்கும் அவர் வீட்டாருக்கும்.

முடிவுகளின் சுருக்கத்தை எளிய துருக்கியத்தில் எழுதி, நாங்கள் வேலை செய்த மையங்களின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். படிவம் வேண்டும் என்கிற எபேக்களும் நர்ஸ்களும் கட்டணம் எதுவும் தர வேண்டாம், கேட்டால் போதும். தன் மதிப்பெண் என்ன என்று கேட்ட அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. அந்த எண் உங்களுக்கு நல்ல தாய், கெட்ட தாய் என்று பட்டம் கட்டுவதற்கானது அல்ல. மனசு பாரமாக இருந்தால் உங்கள் எபேயிடம் போய்ப் பேசுங்கள், தனி அறை இப்போது இருக்கிறது.

அடுத்து அப்பாக்களிடம் மட்டும் தனியாக ஒரு சுற்றுப் போகிறோம். புஜா கடைக்காரர் இழுப்பறையை இன்னும் காலியாகவே வைத்திருப்பதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

நன்றியுடன்,
குழுவின் சார்பில், இஸ்மிரிலிருந்து