செயலாளரின் ஆண்டறிக்கை

அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா சிறப்பாக நடந்தது. கோடை ஒன்றுகூடல் மழையால் மண்டபத்துக்குள் நடந்தது. செயற்குழு முறைப்படி கூடியது. சிலர் தொடர்ந்து வரவில்லை.

பழைய கட்டடங்களைப் பார்க்கப் போகும் நம் மரபுக் கட்டடக் குழு பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். போன பொதுக்கூட்டத்தில், "ஆங்கிலேயர் வைக்கோல் போட்ட கொட்டகை நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்டார்கள். நம்மில் பலர் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் வேலை செய்கிறோம். அதற்குப் பக்கத்திலேயே, ஹார்மண்ட்ஸ்வொர்த் கிராமத்தில் 1426-27இல் கட்டிய களஞ்சியம் நிற்கிறது. அந்த ஊர்ப் பண்ணை அப்போது வின்செஸ்டர் கல்லூரிக்குச் சொந்தம். அதன் விளைச்சலை வைக்கக் கட்டியது இது. நீளம் 58 மீட்டர். ஓக் மரச் சட்டத்தில் பெரும்பகுதி அன்று நிறுத்திய மரமேதான். கவனிப்பாரில்லாமல் கிடந்ததை 2011இல், பழங்காலக் கட்டடங்களைக் காக்கும் அமைப்பான இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் 20,000 பவுண்டுக்கு வாங்கிப் பழுதுபார்த்தது. இன்று உள்ளூர்த் தன்னார்வலர்கள் கோடை மாதங்களில் சில ஞாயிறுகளில் திறந்து வைக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது.

இப்படிப்பட்ட களஞ்சியங்களில் பார்க்க வேண்டியது மரவேலை. தச்சர்கள் ஈரம் காயாத பச்சை ஓக் மரத்தைச் செதுக்கி, தரையில் கிடத்திப் பொருத்திப் பார்த்து, ஒவ்வொரு மரத்திலும் குறி வெட்டி, பிரித்துக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். பொருத்துகளை மர ஆணிகள்தான் பிடித்திருக்கும். மரத்தின் பருத்த அடிப்பக்கம் மேலே வரும்படி தூணைத் தலைகீழாக நிறுத்துவதும் உண்டு. பல உத்தரங்கள் வந்து சேரும் இடத்துக்கு அந்தப் பருமன் தேவை. நம் பிள்ளைகள் இதையெல்லாம் வரைந்து வைத்திருக்கிறார்கள். வெளியே மேசையில் இருக்கின்றன, பார்த்துவிட்டுப் போங்கள்.

அடுத்து, ஆக்ஸ்போர்ட்ஷையரில் உள்ள கிரேட் காக்ஸ்வெல் கிராமத்துக்குப் போன பயணம். 1292 வாக்கில் பியூலி மடத்துத் துறவிகளுக்காகக் கட்டிய கற்சுவர்க் களஞ்சியம். எதிரெதிரே பெரிய வாசல்கள். நடுவில் கதிரடித்து, உள்ளே வரும் காற்றில் பதரைத் தூற்றுவார்கள். வயல்காட்டில் வளர்ந்த நம் பெரியவர்களுக்கு யாரும் விளக்கத் தேவைப்படவில்லை. ஆனால் பெயர் கொடுத்தவர்களில் பலர் அன்று காலை வரவில்லை. ஒரு போன்கூட இல்லை. பஸ்ஸுக்கு முழு வாடகையும் கொடுத்தோம். இடமில்லை என்று நான் திருப்பி அனுப்பிய குடும்பங்களுக்கு என்ன பதில் சொல்வது?

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வரவும் செலவும் ஏறக்குறையச் சரியாக இருக்கின்றன. சந்தா பாக்கி நிறைய நிற்கிறது. பெயர்களை இங்கே சொல்லப்போவதில்லை.

தலைவருக்கும், சமையல் குழுவுக்கும், மண்டபம் தந்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு எசெக்ஸில் உள்ள கிரெஸ்ஸிங் டெம்பிளுக்குப் போக ஆசை. டெம்ப்ளர் வீரத் துறவிகள் 13ஆம் நூற்றாண்டில் கட்டிய பார்லிக் களஞ்சியமும் கோதுமைக் களஞ்சியமும் அங்கே அருகருகே நிற்கின்றன. இந்தமுறை பணம் கட்டியவர்களுக்கு மட்டுமே இடம். ஏற்பாட்டுக்கு இன்னும் இருவர் கைகொடுத்தால்தான் பஸ் சொல்வேன்; தனியாக இனி முடியாது. கூட்டம் முடிந்ததும் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசலருகே இருப்பார்.

செயலாளர்